பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

தக்கை அடைத்த ஒயின் பாட்டில்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை அந்தத் தக்கையாலேயே கெடுகின்றன என்று ஒயின் வட்டாரத்தில் சொல்வார்கள். எந்த நாட்டுப் பாட்டில்கள், எந்தக் காலத்தவை, எண்ணியவர் யார் என்பதைப் பொறுத்து இந்த எண் ஏறும், இறங்கும். தக்கை விற்பவர் எண்ணினால் இறங்கும். திருகு மூடி விற்பவர் எண்ணினால் ஏறும். நடுவாக 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 12 பாட்டில் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கினால், அதில் ஒன்றாவது கெட்டதாக இருக்க ஏறத்தாழ 30 விழுக்காடு வாய்ப்பு. நிலவறையில் 300 பாட்டில்களை அடுக்கி வைத்திருப்பவரிடம் சுமார் 9 பாட்டில்கள் கெட்டவை. எந்த ஒன்பது என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

கடையில் வாங்கி அன்றே திறந்த பாட்டில் கெட்டிருந்தால் போன பணத்தோடு போயிற்று. நிலவறை ஒயின் அப்படியல்ல. நல்ல ஆண்டின் போர்தோவையோ பரோலோவையோ இளமையிலேயே வாங்கி, 12 அல்லது 13 டிகிரி குளிர்ச்சியில், தக்கை காய்ந்துவிடாதபடி படுக்கவைத்து, இருபது ஆண்டு தொடாமல் காத்து, ஒரு நல்ல நாளில் திறக்கிறார்கள். கெட்டது எப்போதோ கெட்டுவிட்டது. தக்கையிலிருந்து ஒயினுக்குள் வாடை இறங்குவது பெரும்பாலும் பாட்டிலில் அடைத்த முதல் சில மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. அதன்பின் எத்தனை ஆண்டு வைத்தாலும் அது போவதில்லை. நிலவறையை எவ்வளவு கவனமாகப் பேணினாலும் இந்த ஒரு குறையில் அந்தக் கவனத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

முதலில், எது தக்கைக் கேடு, எது அல்ல என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மேசையில் நடக்கும் சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்குகின்றன. தக்கையின் மேல்முனையில் கறுப்புப் பூசணம் படிந்திருப்பது கேடு அல்ல. ஈரப்பதமான நிலவறையில் அது இயல்பு, துடைத்துவிட்டுத் திறக்கலாம். பழைய தக்கை உதிர்ந்து துகள்கள் கிண்ணத்தில் மிதப்பதும் கேடு அல்ல. காற்று புகுந்து பழுப்பேறி, வெட்டிவைத்த ஆப்பிள் போல மணப்பது ஆக்சிஜன் செய்த வேலை. தொழுவ வாடை பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டின் வேலை. அணைந்த தீக்குச்சி, அழுகிய முட்டை போன்றவை கந்தகச் சேர்மங்கள். அரைமணி நேரம் காற்றாட வைத்தால் இவற்றில் பல கலைந்துவிடும். தக்கைக் கேடு கலையாது. நனைந்து மக்கிய அட்டைப்பெட்டி, ஈரச் சாக்கு, பூட்டியே கிடந்த அறை ஆகியவற்றின் வாடை அது. கிண்ணத்தில் நேரம் ஆக ஆக அது கூடுமே தவிரக் குறையாது.

இந்த வாடைக்கு உரிய மூலக்கூறை அடையாளம் காட்டியவர்கள் சுவிட்சர்லாந்தின் வேடன்ஸ்வில் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஹான்ஸ் டானரும் அவருடன் உழைத்தவர்களும். 1980களின் தொடக்கத்தில் அவர்கள் வெளியிட்ட முடிவு, 2,4,6-ட்ரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மமே தலையாய குற்றவாளி என்றது. துறையில் இதைச் சுருக்கமாக டி.சி.ஏ. என்கிறார்கள். லிட்டருக்கு 5 நானோகிராம் அளவிலேயே பழகிய மூக்கு இதைக் கண்டுகொள்ளும். அந்தக் கணக்குப்படி ஒரே ஒரு கிராம் 20 கோடி லிட்டர் ஒயினைக் கெடுக்கும். பாட்டில் கணக்கில் 26 கோடிக்கும் மேல். இந்த அளவில் உடலுக்கு ஒரு தீங்கும் இல்லை. நாசமாவது இன்பம் மட்டும்தான்.

டி.சி.ஏ. எங்கிருந்து வருகிறது? தக்கை, கார்க் ஓக் மரத்தின் பட்டை. உலகத் தக்கையில் ஏறத்தாழ பாதி போர்ச்சுகலில் விளைகிறது. அதன் அலென்தேஜோ பகுதியில் மேய்ச்சல் நிலத்தோடு கலந்த ஓக் தோப்புகள் கண்ணுக்கெட்டிய வரை விரியும். நட்டு 25 ஆண்டு ஆன பிறகே முதன்முறை பட்டை உரிக்கலாம். பிறகு 9 ஆண்டுக்கு ஒருமுறைதான் உரிக்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். முதல் இரண்டு உரிப்புகளின் பட்டை ஒயின் தக்கைக்கு உதவாது. மூன்றாவது உரிப்பு வரும்போது மரத்துக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே வெள்ளை வண்ணத்தில் எழுதிவைக்கிறார்கள். இவ்வளவு பொறுமையாக வளர்க்கும் பொருளில் பூஞ்சை குடியிருப்பதைத் தடுக்க முடிவதில்லை. பட்டையின் நுண்துளைகள் அதற்குத் தோதான இடம். அங்கே குளோரோஃபீனால் என்ற வகைச் சேர்மங்கள் வந்து சேர்ந்தால், தனக்கு நஞ்சாகும் அவற்றைப் பூஞ்சை வேறொன்றாக மாற்றித் தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்த மாற்றத்தில் பிறப்பதே டி.சி.ஏ.

அப்படியானால் குளோரோஃபீனால் எப்படி வந்தது? அதில் பெரும்பங்கு மனிதர் கைவேலை. பூச்சிக்கொல்லியாகவும் மரத்தைக் காக்கும் மருந்தாகவும் இவ்வகை இரசாயனங்கள் இருபதாம் நூற்றாண்டில் தாராளமாகத் தெளிக்கப்பட்டன. அதோடு, தக்கை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அதைக் குளோரினில் வெளுத்தார்கள். வாங்குபவர் கண்ணுக்கு வெள்ளையாக இருக்கட்டும் என்று செய்த வேலை, குடிப்பவர் மூக்கில் போய் முடிந்தது. பின்னர் குளோரினை விட்டு ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மாறினார்கள். மண்ணை ஒட்டிய அடிமரப் பட்டையை ஒதுக்கினார்கள். அங்கேதான் பூஞ்சை மிகுதி. உரித்த பலகைகளை வெறும் தரையில் அடுக்காமல் சிமெண்ட் தளத்தில் அடுக்கினார்கள். இவையெல்லாம் அரிய கண்டுபிடிப்புகள் அல்ல. டானரின் முடிவு வெளியான பிறகும் தொழில் பல ஆண்டு மறுத்தும் மழுப்பியும் காலம் கடத்தியது. கேட்டவர் குரல் உரத்து, மாற்று மூடிகள் சந்தையைப் பிடித்த பிறகே வேகம் வந்தது.

ஆனாலும் எல்லாப் பழியையும் தக்கை மேல் போடுவது நியாயமாகாது. 1980களின் பிற்பாதியில் போர்தோவின் புகழ்பெற்ற ஷாத்தோ டுக்ரு-போக்கையூவில் தொடர்ந்து சில ஆண்டு ஒயின்களில் இதே வாடை தலைகாட்டியது. தக்கையை மாற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. நிலவறைக் கட்டடத்தின் மரத்துக்குப் பூசிய மருந்தே காரணம். செயின்ட் எமிலியோனின் ஷாத்தோ கனோனிலும் இதே கதை. ஷனேல் நிறுவனத்தின் உரிமையாளர்களான வெர்த்தைமர் குடும்பம் 1996இல் அதை வாங்கிய பின் நிலவறையைச் சீரமைக்க வேண்டியிருந்தது. போர்தோவில் ஆய்வகம் நடத்தும் பாஸ்கல் ஷத்தோனே 1990களில் இப்படிப்பட்ட நிலவறைகளின் காற்றையும் மரத்தையும் ஆராய்ந்து, பென்டாகுளோரோஃபீனால் பூசிய உத்தரங்களே அங்கு ஊற்று என்று காட்டினார். பின்னர் 2004இல், டி.சி.ஏ.வின் புரோமின் உறவினரான ட்ரைபுரோமோஅனிசோலும் இதே வாடையைத் தரும் என்று நிறுவினார். இது தக்கைக்குள்ளிருந்து வருவதல்ல. மருந்து பூசிய மரத்திலிருந்து காற்றில் பரவி வருவது. அதே சேர்மம்தான் 2010இல் அமெரிக்காவில் டைலனால் மாத்திரைப் புட்டிகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறவைத்தது. மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிய மரப் பலகைகளில் மருந்து பூசியிருந்தார்கள். வாடை புட்டிக்குள் ஏறிவிட்டது.

காப்பி குடிப்பவர்களுக்கும் இந்தச் சேர்மம் அந்நியமல்ல. பிரேசிலின் சில பகுதிக் காப்பிக் கொட்டைகளில் வரும் மருந்து நெடியை வணிகர்கள் ரியோ சுவை என்பார்கள். அதன் வேரிலும் டி.சி.ஏ.தான் என்று 1990இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். பெரும்பாலான சந்தைகள் அதைத் தள்ளுகின்றன. பால்கன் நாடுகளிலும் மேற்காசியாவின் சில இடங்களிலும் தலைமுறைகளாக அந்தச் சுவைக்குப் பழகியவர்கள் அதையே கேட்டு வாங்குகிறார்கள். ஆக, இந்த வாடை பிறப்பிலேயே அருவருப்பானது என்று சொல்ல முடியாது. எங்கே, எதில் எதிர்பார்க்காமல் வருகிறது என்பதே அதைக் குற்றமாக்குகிறது.

எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் சுவையான பகுதி, மூக்கைப் பற்றிய பகுதி. ஒருவருக்கு லிட்டரில் 2 நானோகிராம் போதும். அடுத்த நாற்காலியில் இருப்பவருக்குப் பத்து மடங்கு இருந்தாலும் தெரியாது. பயிற்சியால் இது ஓரளவு கூடும், ஆனால் பிறவியிலேயே இதற்கு மந்தமான மூக்கு உள்ளவர் ஒயின் நிபுணரிடையேயும் உண்டு. தெரிந்த மூக்கும் சில முறை முகர்ந்ததும் மரத்துவிடும். அதனால் முதல் முகர்விலேயே கண்டுகொள்ள வேண்டும். ‘இருக்கிறதா, இல்லையா’ என்று பத்து முறை முகர்ந்தால் பத்தாவது முறை நிச்சயம் இருக்காது.

இதற்குமேல் ஒன்றை 2013இல் ஒசாகா பல்கலைக்கழகத்தின் தகேயுச்சி, குரஹாஷி இருவரும் அவர்களுடன் உழைத்த கதோவும் காட்டினார்கள். நியூட் என்ற நீர்ப்பல்லியின் மணவுணர்வு உயிரணுக்களில் டி.சி.ஏ.வைச் செலுத்திப் பார்த்தபோது, அது உணர்வைத் தூண்டியதைவிட அடக்கியதே பெரிதாக இருந்தது. மணத்தை மூளைக்கு மின்குறியாக அனுப்ப உயிரணுவில் திறக்கும் வாயில்கள் மிக மிக நுண்ணிய அளவிலேயே அடைபட்டன. அதாவது டி.சி.ஏ. ஒயினில் ஒரு கெட்ட மணத்தைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை. நம் மூக்கின் மற்ற மணவுணர்வுகளையும் ஒடுக்குகிறது. அனுபவசாலிகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த ஒன்றுக்கு இதில் விளக்கம் கிடைத்தது. லேசாகக் கெட்ட பாட்டிலில் அட்டை வாடையே தெரியாது. பழமணம் இல்லை, விழுங்கிய பின் சுவை நீளவில்லை, வானொலியின் ஒலியை யாரோ பாதியாகக் குறைத்துவிட்டது போல ஒயின் மங்கிக் கிடக்கும், அவ்வளவுதான்.

பெரிய சேதம் இங்கேதான் நடக்கிறது என்பது என் கருத்து. அப்பட்டமாக நாறும் பாட்டிலை ஊற்றிவிடுவார்கள், தக்கையைத் திட்டுவார்கள், வேறொன்றைத் திறப்பார்கள். தயாரித்தவர் பெயருக்குப் பெரிய பங்கமில்லை. லேசாகக் கெட்டதைக் குடித்தவரோ, இந்தப் பண்ணையின் ஒயின் இவ்வளவுதானா என்று முடிவுகட்டி அடுத்த முறை வேறு பெயரை வாங்குகிறார். இருபது ஆண்டு காத்தவர், அதிகம் வைத்துவிட்டோம், முதிர்ந்து தளர்ந்துவிட்டது என்று தன்னையே நொந்துகொள்கிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கில் இந்தப் பாட்டில்கள் ஏறுவதே இல்லை.

உணவகத்தில் பணியாளர் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக் காட்டும் சடங்குக்கு இதனால்தான் பொருள் இருக்கிறது. அந்த ஒரு மடக்கு, உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்க ஊற்றப்படுவதல்ல. கெட்டிருக்கிறதா என்று பார்க்க. பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது, கெட்டிருந்தால் கூச்சமின்றித் திருப்பலாம். கூடவே நீட்டப்படும் தக்கையை முகர்வதில் பயன் குறைவு. தக்கை வாடையே இல்லாமல் ஒயின் கெட்டிருப்பதும் உண்டு, தக்கை மக்கிய வாடையடித்தும் ஒயின் நன்றாக இருப்பதும் உண்டு. சந்தேகம் என்றால் அதே ஒயினின் இன்னொரு பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட உறுதியான சோதனை வேறில்லை. ஒவ்வொரு தக்கையும் பட்டையின் வெவ்வேறு துண்டிலிருந்து வெட்டப்பட்டது. ஒரே பெட்டியில் ஒன்று கெட்டதால் பக்கத்துப் பாட்டில் கெட்டிருக்க வேண்டியதில்லை. நிலவறை வைப்பவர்கள் ஒரே ஒயினில் ஒற்றைப் பாட்டிலாக வாங்காமல் மூன்று, ஆறு என்று வாங்குவதில் இந்த நியாயமும் அடங்கியிருக்கிறது. இரட்டை அளவுள்ள மேக்னம் பாட்டிலுக்கும் தக்கை ஒன்றே என்பதால் ஆபத்து குறைவு என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த ஒன்று கெட்டால் இரண்டு பாட்டிலும் ஒரேயடியாகப் போகும்.

கெட்டதைத் திருத்த முடியுமா? சமையலறையில் செய்யக்கூடிய ஒன்று உண்டு. உணவை மூடப் பயன்படும் மெல்லிய பாலிஎதிலின் தாளைக் கசக்கிக் குடுவையில் போட்டு, ஒயினை அதன்மேல் ஊற்றிப் பத்து நிமிடம் போலச் சுழற்றிவிட்டு வடிக்க வேண்டும். டி.சி.ஏ. நீரைவிடப் பிளாஸ்டிக்கோடு ஒட்டவே விரும்பும் சேர்மம் என்பதால் தாளில் ஏறிக்கொள்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் ஒயின் வேதியியலாளர் ஆண்ட்ரூ வாட்டர்ஹவுஸ் இதை ஆமோதித்துச் சொன்ன பிறகு இது பரவலானது. தாள் பாலிஎதிலினாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாத் தாளும் ஒரே பிளாஸ்டிக் அல்ல. வாடை கணிசமாகக் குறையும் என்பது மெய். ஆனால் தாளுக்கு நல்லது கெட்டது தெரியாது. ஒட்டக்கூடிய நல்ல மணங்களையும் சேர்த்தே உறிஞ்சும். இளம் ஒயினில் மணம் மிச்சமிருக்கும். இருபது வயதான ஒயினில் இருப்பதே மெல்லிய இழைகள்தாம், அவையும் போனால் எஞ்சுவது புளிப்பும் சாராயமும். எனவே விருந்துக்கு வேறு பாட்டில் இல்லாத நேரத்தில் சாதாரண ஒயினுக்கு இந்த வித்தை பொருந்தும். காத்துவைத்த பாட்டிலை இது மீட்டுத் தராது. பாலைக் கலந்து வடிப்பது, ஈஸ்ட் தோலைப் போடுவது போன்றவை ஒயின் ஆலையில் தொட்டிக் கணக்கில் செய்யும் வேலைகள். வினிகராக்கலாமே என்பவர்களுக்கு ஒரு சொல்: வாடையும் வினிகரோடு கூடவே வரும்.

திருத்த முடியாது என்றால் இழப்பு யாருடையது? அண்மையில் வாங்கியதாக இருந்தால் நல்ல கடைகள் மாற்றிக் கொடுக்கும். மிச்சத்தைப் பாட்டிலிலேயே விட்டுத் தக்கையோடு கொண்டுபோவது வழக்கம். முக்கால் பாட்டிலைக் குடித்துவிட்டு முறையிட்டால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். கடை அதை மொத்த வியாபாரியிடமும், அவர் தயாரிப்பாளரிடமும் தள்ளுவார். அந்தச் சங்கிலி இரண்டு, மூன்று ஆண்டுவரை ஏதோ இயங்கும். இருபது ஆண்டு ஆனால் கடையே இருக்காது, இருந்தாலும் ரசீது இருக்காது. சில தயாரிப்பாளர்கள் நல்லெண்ணத்தால் வேறு பாட்டில் அனுப்புவதுண்டு. உரிமையாகக் கேட்க முடியாது. ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் 1991 முதல் நடத்திவரும் தக்கை மாற்றும் முகாம்கள் இதில் தனி வகை. 15 ஆண்டு கடந்த தங்கள் சிவப்பு ஒயின்களை உரிமையாளர் கொண்டுவந்தால், நிறுவனத்தார் திறந்து, சுவைத்து, நன்றாக இருந்தால் குறைந்த அளவை நிரப்பிப் புதுத் தக்கை அடைத்துச் சான்றும் தருகிறார்கள். தேறாததற்குச் சான்று கிடையாது. பண இழப்பை இது ஈடுசெய்யாது என்றாலும், எது கெட்டது என்று விருந்து நாளுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. வேறு பெரிய தயாரிப்பாளர்களும் இதைப் பின்பற்றலாம். செலவைக் காரணம் காட்டுவார்கள்.

தக்கையே வேண்டாம் என்ற கட்சியின் கதையைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். ஸ்டெல்வின் என்ற அலுமினியத் திருகு மூடி பிரான்சில் பிறந்தது. 1970களில் சுவிஸ் தயாரிப்பாளர் சிலர் தங்கள் மென்மையான ஷாஸ்லா வெள்ளை ஒயினுக்கு அதை ஏற்றார்கள்; மெல்லிய ஒயினில் சிறு வாடையும் மறைய இடமில்லை. ஆஸ்திரேலியாவில் யாலும்பா நிறுவனம் அதே காலத்தில் முயன்றது, மலிவுச் சரக்கின் அடையாளமாகப் பார்த்த வாங்குவோர் புறக்கணித்தார்கள். பிறகு 2000இல் கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் ஒன்றுகூடித் திருகு மூடிக்கு மாறினார்கள். தனியொருவர் மாறினால் ஏளனம், ஊரே மாறினால் நாகரிகம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2001இல் நியூசிலாந்து பின்தொடர்ந்தது, இன்று அந்நாட்டு ஒயினில் மிகப் பெரும்பகுதி திருகு மூடியில்தான். 2002இல் கலிபோர்னியாவின் ஒயின் தயாரிப்பாளர் ராண்டல் கிராம் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் தக்கைக்குச் சவப்பெட்டி வைத்து இறுதிச்சடங்கே நடத்தினார். விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் இரங்கலுரை வாசித்தார்.

செத்ததாக அறிவித்தது சாகவில்லை. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 1999இல் ஒரே செமியோன் ஒயினை 14 வகை மூடிகளில் அடைத்துப் பார்த்த சோதனை ஒரு தரப்பையும் முழுதாக மகிழ்விக்கவில்லை. பிளாஸ்டிக் தக்கைகள் விரைவில் காற்றை விட்டன. திருகு மூடி பழமணத்தைச் சிறப்பாகக் காத்தது, ஆனால் காற்றே புகாததால் ரப்பர் போன்ற கந்தக நெடி சிலவற்றில் தெரிந்தது. இயற்கைத் தக்கையோ பாட்டிலுக்குப் பாட்டில் மாறியது. தக்கைத் தொழிலும் இதற்குள் விழித்துக்கொண்டது. பிரான்சின் டியாம் நிறுவனம், தக்கையைத் துகளாக்கி, அழுத்தத்தில் திரவமும் வாயுவுமாக நிற்கும் கார்பன் டைஆக்சைடால் கழுவி டி.சி.ஏ.வை எடுத்து, மீண்டும் உருளையாக்குகிறது. 1870இல் தொடங்கிய போர்ச்சுகலின் அமோரிம் நிறுவனம் 2016இல், ஒவ்வொரு தக்கையையும் தனித்தனியே நொடிகளில் சோதித்து, லிட்டருக்கு 0.5 நானோகிராம் அளவைத் தாண்டுவதை ஒதுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதன் விலை சாதாரணத் தக்கையைவிட அதிகம். விலையுயர்ந்த ஒயினுக்கு அது பொருட்டல்ல. ஓக் தோப்புகள் தக்கைக்காகவே காக்கப்படுகின்றன, சந்தை போனால் தோப்பும் போகும் என்ற வாதமும் வெறும் விளம்பரமல்ல. முதிர வைக்கும் ஒயினுக்குச் சோதித்த தக்கை, இளமையில் குடிப்பதற்குத் திருகு மூடி என்று பிரித்துக்கொள்வதே இப்போது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்த முன்னேற்றமெல்லாம் இனி அடைக்கும் பாட்டில்களுக்கு. நிலவறைகளில் இப்போது படுத்திருக்கும் 1980களின், 1990களின் ஒயின்கள் தக்கை மிக மோசமாக இருந்த காலத்தவை, அவைதாம் இன்று ஏலத்தில் அதிக விலைக்கும் போகின்றன. திறக்காமலே சோதிக்க வழி உண்டா என்று கேட்பார்கள். டேவிஸ் வளாகத்திலேயே மாத்யூ அகஸ்டின் 2000களின் தொடக்கத்தில் காந்த ஒத்ததிர்வுக் கருவிக்குள் முழுப் பாட்டிலையும் வைத்து, ஒயின் வினிகராகிவிட்டதா என்று தக்கையைத் தொடாமல் அளந்து காட்டினார். வினிகர் அமிலம் லிட்டருக்குக் கிராம் கணக்கில் இருப்பதால் அது முடிந்தது. டி.சி.ஏ. அதில் 20 கோடியில் ஒரு பங்குதான். அந்தக் கருவிக்கு அது எட்டாது. ஏலப் பட்டியலில் பாட்டிலின் கழுத்தில் ஒயின் நிற்கும் மட்டம், லேபிளின் நிலை, எந்த நிலவறையில் எத்தனை ஆண்டு கிடந்தது என்பதெல்லாம் அச்சாகும். தக்கைக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அதில் பத்தி இல்லை; விற்ற பின் திறந்து பார்த்து வாடை என்றால் திருப்பி எடுக்கும் வழக்கமும் இல்லை.